ஐயாசாமிக்கு மட்டும் வரவேண்டிய பெட்டி

ரம்லா பிரிண்டர் தாளின் ஓரத்துப் பட்டைகளை உரித்துக்கொண்டிருந்தாள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்தப் பட்டையை அவசரப்பட்டு இழுத்தால் தாளும் சேர்ந்து கிழியும். புண்ணில் ஒட்டிய பிளாஸ்திரியை எடுக்கிற மாதிரி ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் ஒரே சீராக உரிக்க வேண்டும். பிளாஸ்திரி உரித்துப் பழகிய கை என்பதால் ஒரு தாள்கூடக் கிழியவில்லை. உரித்த சாப்பாட்டுச் சீட்டுகளைக் கட்டில் வரிசைப்படி அடுக்கி இரண்டு கட்டாகப் பிரித்தாள். ஒன்று சமையலறைக்கு. இன்னொன்று ஆண்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் மாட்ட.

அடுக்கும்போது அவள் எதையும் படித்துப் பார்க்கவில்லை. மூன்று வாரமாகச் சரியாக வருகிற சீட்டை எதற்குப் படிப்பது?

அது தொண்ணூற்றாறாம் வருஷம். சிங்காநல்லூர் பக்கம் டாக்டர் வெங்கடபதி நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. உக்கடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மகளான ரம்லா, நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற பயிற்சியை முடித்துவிட்டுக் கல்யாணத்துக்கு முன்பே அங்கே ஆயாவாகச் சேர்ந்தவள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மலச்சட்டி வைப்பது, நாற்காலிக்கு மாற்றுவது எல்லாம் அவள் வேலை. முகம் சுளிக்காமல் செய்வாள், ஆனால் கொஞ்சவும் மாட்டாள். "வலிக்குதுங்க" என்றால், "வலிக்கத்தானுங்க செய்யும், திரும்பிப் படுங்க" என்பாள். நோயாளிகளுக்கு அவளைப் பிடித்திருந்தது.

ஒருநாள் எடை அதிகமான மில்காரர் ஒருவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது அவள் இடுப்பில் என்னவோ 'டக்'கென்றது. அன்றைக்கு அவளையே நாலு பேர் தூக்க வேண்டியதாயிற்று. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இனித் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்றார். தூக்காமல் செய்ய வார்டில் என்ன வேலை இருக்கிறது? அவள் கணவன் ரசாக் ஒப்பணக்காரத் தெருவில் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நின்றான். அந்தச் சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு மகள் நிலோஃபரைப் படிக்க வைக்க முடியாது.

அதனால் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். முதல் நாள் அங்கிருந்த வாத்தியார், "பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களாம்மா?" என்று கேட்டார். "இல்லீங்க, உக்காரத்தான் வந்தேன்" என்று சொல்லி இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தாள்.

டாக்டர் வெங்கடபதியிடம் ஒரு கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருந்தது. அதற்கென்று தனி அறை, ஏசி, பூப்போட்ட உறை எல்லாம் உண்டு. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. ரம்லா போய், சாப்பாட்டுச் சீட்டை அதில் போட்டுத் தருவதாகச் சொன்னாள். அப்போது சீட்டைக் கையால்தான் எழுதினார்கள். 'உப்பில்லாமல்' என்று எழுதியதைச் சமையல்காரர் 'உப்புமா' என்று படித்து, ரத்தக் கொதிப்புக்காரர் ஒருவர் ஒரு வாரம் உப்புமாவே தின்றிருந்தார்.

"ஒரு மாசம் பாக்கலாம்" என்றார் டாக்டர். "சரியா வந்தா அந்த ரூம் உங்களுது. ஒரு தட்டு மாறிச்சுன்னாலும் பழையபடி வார்டுக்குப் போயிரணும்."

வார்டுக்குப் போவதும் வீட்டுக்குப் போவதும் அவள் இடுப்புக்கு ஒன்றுதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ரம்லா வகுப்பில் படித்த ஆக்சஸ் புரோகிராமில் நோயாளிகளின் விவரத்தை ஏற்றினாள். ஆளுக்கொரு சீட்டு வருகிற மாதிரி ரிப்போர்ட் அமைத்தாள். சீட்டின் அடியில் கருப்புக் கட்டமாக ஒரு பெட்டி போட்டு, 'ஆபரேஷன். வாய்க்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது' என்று தமிழ் எழுத்தில் பெரிதாக அடித்தாள். எந்த விசையில் எந்த எழுத்து ஒளிந்திருக்கிறது என்று தேடி அதை அடித்து முடிக்கவே அரை நாள் ஆயிற்று. அந்தப் பெட்டி எல்லாருக்கும் தெரியக் கூடாது. அதனால் முதலிலேயே அதை மறைத்து வைத்துவிட்டு, பின்னால் ஒரு வரி புரோகிராம் எழுதினாள்: இந்த ஆளுக்கு இன்றைக்கு ஆபரேஷன் என்றால், பெட்டியின் விசிபிள் ட்ரூ, அதாவது பெட்டி தெரியட்டும்.

வேலை செய்தது. தினமும் செய்தது. ஆபரேஷன்காரர்களுக்கு எப்போதும் வார்டின் கடைசிக் கட்டில்களைத்தான் கொடுப்பார்கள், தியேட்டர் கதவு அந்தப் பக்கம் இருப்பதால். சீட்டு வரிசையிலும் அவர்கள்தான் கடைசி. பெட்டி கடைசிச் சீட்டுகளில் மட்டும் வந்தது.

அன்றைக்கு மட்டும் கடைசிக் கட்டில் காலியாக இல்லை. அதில் பாலுசாமி படுத்திருந்தார். ஆனைமலைத் தென்னந்தோப்புக்காரர். அவருக்குக் குடலிறக்கம் வந்து வருஷக் கணக்காகிறது. துண்டை மடித்து வைத்து மேலே பெல்ட் கட்டி, அதை உள்ளே தள்ளிக்கொண்டே காலம் ஓட்டினார். கத்தி பட்டால் வயிற்றுக்குள் காற்றுப் புகுந்துவிடும் என்பது அவர் கட்சி. பெருந்துறையில் வேலை பார்க்கும் மகன் கெஞ்சிக் கூத்தாடி, வெறும் பரிசோதனைக்கு மட்டும் என்று கையடித்துச் சத்தியம் பண்ணிச் சேர்த்திருந்தான். எல்லாப் பரிசோதனையும் முடிந்து எல்லாம் நன்றாக இருந்தது. ஜன்னல் காற்று நன்றாக வருகிறது என்று மனிதர் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. ஆகவே, அன்று மாலை குடலிறக்க ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டிய சூலூர் தறிக்காரர் ஐயாசாமிக்கு மூன்றாவது கட்டில் கிடைத்தது.

முதல் இரண்டு சீட்டில் பெட்டி இல்லை. ஐயாசாமி சீட்டில் வந்தது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு சீட்டிலும் வந்தது.

சமையலறையில் அழகிரிசாமி சீட்டைப் பார்த்தார். உப்புமா விவகாரத்தில் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சமையல்காரர் அவர்தான். அதற்கு முன் ஆபரேஷன் ஆசாமி ஒருவருக்கு இரக்கப்பட்டு இட்லி கொடுத்து, மயக்க மருந்து டாக்டர் கோபித்துக்கொண்டு காரேறிப் போனதும் அவரால்தான். அதிலிருந்து சீட்டில் உள்ளதுதான் அவருக்கு வேதம். அவித்த இட்லியை மூடி வைத்துவிட்டு, சீட்டில் சொன்ன இரண்டே தட்டை மட்டும் அனுப்பினார்.

வார்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எனக்கு ஏன் சோறு போடவில்லை என்று வாய்விட்டுக் கேட்கிற மனிதரை இந்தப் பக்கத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். பசித்தாலும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அலைகிறான் என்று ஆகிவிடும். சிஸ்டர் ராமாமணி வழக்கம்போல ஒரு சுற்று வந்தார். சாப்பாட்டுச் சீட்டு சமையலறை விஷயம் என்று அவர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

"சாப்பிட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க" என்றார் கால் ஒடிந்த லாரிக்காரர்.

"நீங்க?"

"ஆச்சுங்க, ஆச்சுங்க" என்றார் காய்ச்சல்காரர்.

விருந்துக்குப் போன இடத்திலும், வீதியில் எதிர்ப்பட்டாலும், யார் கேட்டாலும் சொல்கிற பதில் அது. வயிறு காலி என்பதற்கும் அந்தப் பதிலுக்கும் சம்பந்தமில்லை. ஐயாசாமியும் "ஆச்சுங்க" என்றார். அவருடைய காரணம் வேறு, அதற்குப் பின்னால் வருவோம்.

சிஸ்டர் போன பிறகு கட்டிலுக்குக் கட்டில் பேச்சு ஓடியது.

"கால் ஒடிஞ்சதுக்கு எதுக்குங்க வவுத்தைக் காயப்போட்டு ஆபரேஷன்?"

"என்னமோ புதுசா வந்திருக்குமுங்க. இப்பெல்லாம் எதுக்கெடுத்தாலும் வவுத்துல ஓட்டை போட்டுத்தானே பாக்கறாங்க."

"பெரிய டாக்டரு பொள்ளாச்சிக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காராம். வந்து வரிசையாப் பண்ணிப்போடுவாருங்க."

ஆபரேஷனுக்கு முன் வயிற்று முடியை மழிக்கிறவரும் சீட்டைப் பார்த்துத்தான் வேலை செய்வார். அவர் மூன்றாவது கட்டிலில் ஆரம்பித்தார். இத்தனை பேரா என்று முணுமுணுத்தபடி பிளேடை மாற்றி மாற்றி வரிசையாக மழித்துக்கொண்டே போனார். காய்ச்சல்காரர் குளிரில் நடுங்கியதால் அவர் வயிற்றில் மட்டும் அங்கங்கே திட்டுத் திட்டாக விட்டுவிட்டார்.

மத்தியானச் சீட்டும் அதே அழகில் போனது. ரம்லா அதையும் படிக்காமலே அனுப்பியிருந்தாள். வார்டில் மாட்ட வந்தபோதுதான் கடைசிக் கட்டிலில் பாலுசாமியின் மனைவி தெய்வாத்தாள் மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"என்னங்கக்கா வேண்டுதல்?"

"மாசாணியம்மனுக்குக் கண்ணு. இவரு நல்லபடியாப் பொழைச்சு வந்தா வந்து செலுத்தறேன்னு முடிஞ்சிருக்கறேன்."

"பொழைச்சு வரதுக்கு இவருக்கு என்னங்க ஆச்சு? பரிசோதனைதானே?"

"ஆபரேஷனுங்களே அம்மணி. சீட்டுப் போட்டிருக்கறீங்களே. நீங்கதானே போட்டீங்களாம்?"

ரம்லா கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். மழித்துப் பளபளத்த வயிறுகள் வரிசையாக மேலே பார்த்துக் கிடந்தன. இடுப்பில் பெல்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். 

கலங்கிக்கொண்டு நிற்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. வரிசையில் சர்க்கரை வியாதிக்காரர் யார் என்று யோசித்து நேராக அங்கே போனாள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். காலையில் "சாப்பிட்டாச்சுங்களா" என்று கேட்டு, "ஆச்சுங்க" என்ற பதிலை நம்பி அவருக்கு இன்சுலின் போட்டிருந்தார்கள். வாத்தியார் பனியன் நனைய வேர்த்து, கண் சொருகிக் கிடந்தார். ரம்லா அவரைத் தோளைப் பிடித்து நிமிர்த்திச் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார்.

"வாத்தியாரய்யா, காலைல சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க" என்றார் வாத்தியார்.

"என்ன சாப்பிட்டீங்க?"

வாத்தியார் சர்க்கரைத் தண்ணீர் டம்ளரைக் காட்டினார். சிஸ்டரைக் கூப்பிட்டு அவரை ஒப்படைத்துவிட்டு ரம்லா சமையலறைக்கு ஓடினாள்.

"அண்ணா, ஐயாசாமிக்கு மட்டும் வேண்டாம், மத்த எல்லாருக்கும் சோறு அனுப்புங்க. சீட்டு தப்பு."

அழகிரிசாமி கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சீட்டு வாய் வார்த்தையா மாறுமுங்களா? நாளைக்கு டாக்டரு கேட்டா நீங்க சொன்னீங்கன்னு எங்க காட்டுவேன்? சீட்டுக் கொண்டாங்க, தாராளமாப் போடறேன்."

வாதாட நேரமில்லை. ரம்லா கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து அந்த ஒற்றை வரியைப் பார்த்தாள். பார்த்ததும் விளங்கிவிட்டது. ஆபரேஷன் என்றால் பெட்டியைக் காட்டு என்று சொல்லியிருந்தாள். இல்லையென்றால் மறை என்று சொல்லவில்லை. வார்டில் ஒருவருக்கு உடம்பு துடைக்கும்போது நிறுத்துகிற மறைப்புத் தட்டியை யாரும் எடுத்து வைக்காவிட்டால் அடுத்தவர் வந்த பிறகும் அது அங்கேயேதான் நிற்கும். ஐயாசாமிக்குக் காட்டிய பெட்டியை அது வார்டு முழுக்கக் காட்டிவிட்டுப் போயிருந்தது. இல்லாவிட்டால் மறை என்று சொல்ல 'எல்ஸ்' போட்டு, விசிபிள் ஃபால்ஸ் என்று இன்னொரு வரி சேர்த்தாள். மறுபடி அச்சடித்து, இந்தத் தடவை ஒவ்வொன்றாகப் படித்து, பட்டையைக்கூட உரிக்காமல் எடுத்துக்கொண்டு ஓடினாள். அழகிரிசாமி ஒவ்வொரு சீட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சோறு போட்டார்.

பெட்டி இல்லாத எல்லாரும் சாப்பிட்டார்கள், பாலுசாமியைத் தவிர.

"எனக்கு வேண்டாமுங்க. காலைல இருந்து பட்டினி கெடந்தாச்சு. மழிச்சாச்சு. ஊட்டுக்காரி காசும் முடிஞ்சுபோட்டா. இனி என்னத்துக்குச் சோறு? அறுத்துப்போடச் சொல்லுங்க."

"ஐயா, உங்களுக்கு ஆபரேஷனே இல்லீங்க. நான் பண்ணின தப்பு அது. சாப்பிடுங்க."

"எனக்கு மட்டும் இல்லீங்களா?" பாலுசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பந்தியில உக்கார வெச்சு இலையையும் போட்டுப்போட்டு, உனக்கில்லைன்னு எந்திரிக்கச் சொல்ற மாதிரி இருக்குதுங்களே அம்மணி!"

இந்த நிலைமையில் டாக்டர் வெங்கடபதி பட்டு வேட்டியோடு பொள்ளாச்சியிலிருந்து வந்து இறங்கினார். மயக்க மருந்து டாக்டரும் வந்து தியேட்டரில் காத்திருந்தார். ஐயாசாமியைக் கூட்டிவரச் சொன்னார்கள். கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டார்.

"ரெண்டு தேங்காய் பன்னு, ஒரு டீயிங்க. இப்பத்தான், எதுத்தாப்பல பேக்கரில. காலைலயும் அதேதானுங்க."

"சீட்டில பெட்டி இருந்துச்சே, பாக்கலியா?" டாக்டர் கத்தினார்.

"பாத்தேனுங்க. கால் ஒடிஞ்சவருக்கும் அதே பெட்டி, காய்ச்சக்காரருக்கும் அதே பெட்டி. காலண்டர்ல கம்பெனி பேர் போடறாப்பல இதும் சும்மா போடறதாக்கும்னு நினைச்சேனுங்க. ஆனா சிஸ்டர் கேட்டப்பெல்லாம் ஆச்சுன்னு நெசத்தைத்தான் சொன்னேன்."

வார்டில் அன்றைக்குப் பட்டினி கிடக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். மூன்றாவது கட்டிலிலிருந்து கடைசி வரை காலையில் சாப்பிட்டவரும் அவர் ஒருவர்தான்.

டாக்டர் ரம்லாவைக் கூப்பிட்டார். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். எல்ஸ் விட்டுப்போனதைச் சொன்னாள். வாத்தியாருக்குச் சர்க்கரை இறங்கியதையும் மறைக்கவில்லை. டாக்டர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அப்ப வார்டுக்கே..." என்று ஆரம்பித்தார். அதற்குள் வாசலில் பாலுசாமி வந்து நின்றார். பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பின்னால் தெய்வாத்தாள்.

"டாக்டருங்களே, அவருக்கில்லாட்டி எனக்குப் பண்ணுங்க. வவுறு சுத்தமா இருக்குது."

"காத்துப் புகுந்துருமே?" என்றார் டாக்டர். அந்தக் கட்சியை அவர் பலமுறை கேட்டு அலுத்திருந்தார்.

"காலைல இருந்து ஒண்ணும் போகாம உள்ள முச்சூடும் காத்துத்தானுங்க இருக்குது. இனிப் புகுந்தா என்ன, புகாட்டி என்ன?"

டாக்டர் ரம்லாவைப் பார்த்தார். ரம்லா பாலுசாமியை உட்கார வைத்து, இது தப்பாக வந்த சீட்டு, கட்டாயம் ஒன்றும் இல்லை, இப்போதே எழுந்து ஊருக்குப் போகலாம் என்று இன்னொரு தடவை தெளிவாகச் சொன்னாள். தெய்வாத்தாளிடம் தனியாகவும் சொன்னாள். "போகட்டும் கண்ணு, மனசு மாறறதுக்குள்ள உள்ள தள்ளுங்க" என்றாள் தெய்வாத்தாள். பரிசோதனை முடிவுகள் எல்லாம் தயாராகக் கையில் இருந்தன. பெருந்துறை மகனுக்குப் போன் போட்டார்கள். அவன் போனிலேயே அழுதான். பாலுசாமி கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது.

இருட்டும் நேரத்தில் டாக்டர் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். கம்ப்யூட்டரின் பூப்போட்ட உறையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, பெண்கள் வார்டில் ஓர் அம்மா பித்தப்பை ஆபரேஷனுக்கு ஒரு வருஷமாக மாட்டேன் என்கிறார் என்றார்.

"அவங்களுக்கும் அந்தப் பெட்டி வராப்பல வைக்க முடியுமாம்மா? அந்த வார்டு முழுக்க?"

"முடியுமுங்க. ஒரு வரியை எடுத்தாப் போதும். ஆனா எடுக்க மாட்டேனுங்க."

"நான் சொன்னாலுமா?"

"வாத்தியாரை இன்னும் கால் மணி கழிச்சுப் பாத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு உங்களுக்குத் தெரியுமுங்க. வார்டுக்குப் போகச் சொன்னீங்கன்னா போறேன். நாலு நாள்ல திரும்பப் படுத்துக்குவேன், அவ்வளவுதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சர்க்கரை இறங்கிய விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் எப்படிப் போனது என்பதை அவளும் பார்த்திருந்தாள்.

"சரி. ஐயாசாமிக்கு நாளைக்குக் காலைல வெச்சிருக்கேன். அவர் காலி வயித்தோட தியேட்டருக்கு வந்து சேந்தார்னா இந்த ரூம் உங்களுது. மாசம் முடியற வரைக்கும் எல்லாம் பாக்க வேண்டாம். வரலைன்னா, நான் என்ன சொல்லுவேன்னு உங்களுக்கே தெரியும்."

ரசாக் அன்றைக்கு வீட்டில் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "உன் வேலை இப்ப அந்த ஆளு வவுத்துல இருக்குதா?" என்றான். "ஆமா, அதுலதான் இருக்குது. சிரிச்சது போதும், காலைல வெள்ளனே பஸ் ஏத்தி விடு" என்றாள் ரம்லா.

மறுநாள் காலையில் அவள் சீட்டுகளை அச்சடித்து ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்தாள். பெட்டி ஐயாசாமி சீட்டில் மட்டும் இருந்தது. சமையலறைக் கட்டை அழகிரிசாமியிடம் கொடுத்தாள். வார்டில் மாட்ட வேண்டியதை மாட்டினாள். மூன்றாவது கட்டில் காலியாக இருந்தது. வராந்தாவில் ஐயாசாமி செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கீங்க?"

"சும்மா எதுத்தாப்பல... காத்தாட."

"காத்து உள்ள இருக்குது, வாங்க."

கையைப் பிடித்துக் கூட்டிவந்து கம்ப்யூட்டர் அறையில் உட்கார வைத்து, ஏசிக் குளிருக்கு ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு, உள்தாழ்ப்பாள் போட்டு, கதவோரமாகத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு டீயாவது அம்மணி..."

"இல்லீங்க."

"கண்ணுல காட்டினாலும் போதும்."

"இல்லீங்க."

தியேட்டரிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டும் வரைக்கும் அவள் அங்கிருந்து அசையவில்லை. பிறகு கம்பளியை உருவிக்கொண்டு, ஐயாசாமியை நடத்திக் கொண்டுபோய் டாக்டர் வெங்கடபதியிடம் நேரில் ஒப்படைத்தாள். டாக்டர் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார், ரம்லாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு சிஸ்டர் ராமாமணியிடம், தூக்குகிற வேலைக்கு வேறு ஆயாவைப் பார்க்கச் சொன்னார். ரம்லா தன் ரூமுக்குத் திரும்பி வந்து மத்தியானச் சீட்டுக்குத் தாளை மாட்டினாள்.